டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யும்போது கன்வெர்ட்டர் கேபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் சொந்தமாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். வீட்டில் கிடந்த பழைய எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி), கைமாறி வந்த கிராஃபிக்ஸ் கார்டு, மாமா கொடுத்த ஹார்டு டிஸ்க் என்று சேர்த்துக் கட்டுகிறார்கள். ஒன்றின் கனெக்டர் இன்னொன்றில் பொருந்தாது. லாரன்ஸ் ரோட்டிலோ நேரு வீதியிலோ கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ ஆன்லைனிலோ ஒரு கன்வெர்ட்டர் வாங்குகிறார்கள். அதன் பிறகு வரும் சந்தேகங்கள் எப்போதும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"கன்வெர்ட்டர், ஸ்பிளிட்டர், எக்ஸ்டென்ஷன்னு கடையில மூணு சொல்றாங்க. மூணும் ஒண்ணுதானா?"

இல்லை. எக்ஸ்டென்ஷன் என்பது அதே வகை கனெக்டரை நீட்டித் தருவது. கூடுதலாக வருவது ஒரு இணைப்பு மட்டும். ஸ்பிளிட்டர் ஒன்றை இரண்டாகவோ நான்காகவோ பிரிக்கும். எல்லாப் பொருளின் சுமையும் பின்னால் இருக்கும் ஒரே ஒயரில் வந்து விழும். கன்வெர்ட்டர் ஒரு வகைக் கனெக்டரை வேறு வகையாக மாற்றும். கூடுதல் கவனம் வேண்டியது இதற்குத்தான். பின்னால் இருப்பது எந்தக் கனெக்டர் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தெரியாது. தன் முன்னால் இருக்கும் வடிவத்தை நம்பி அது மின்சாரம் இழுக்கும்.

"கச்சிதமா பொருந்திடுச்சு. அப்போ கரண்டும் சரியாத்தானே வரும்?"

பொருந்துவது பிளாஸ்டிக். கன்வெர்ட்டர் வடிவத்தை மாற்றுமே தவிர, எஸ்எம்பிஎஸ் பக்கத்துக் கனெக்டரும் ஒயரும் தாங்கும் அளவை ஒரு ஆம்பியர்கூடக் கூட்டாது. அரை அங்குலக் குழாயின் முனையில் ஒரு அங்குல வாய் வைத்துவிட்டால் தண்ணீர் கூடிவிடுமா? கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் பதில் இதுதான்.

"எந்தக் கனெக்டர் எவ்வளவு தாங்கும்? நேரா நம்பர் சொல்லுங்க."

கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6 பின் 75 வாட், 8 பின் 150 வாட். மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது இன்னொரு 75 வாட். ஆக, ஒரே ஒரு 8 பின் உள்ள கார்டு கணக்குப்படி 225 வாட் வரை எடுக்கலாம்.

ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா பவர் கனெக்டரில் 15 பின். அதில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். கூட்டினால் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஹார்டு டிஸ்க்குக்கு இது தாராளம். பழைய 4 பின் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு கிரவுண்டு (மின்சாரம் திரும்பும் வழி). பின் தடிமனானதுதான், ஆனால் 12 வோல்ட்டுக்கு இருப்பது ஒரே பின். அது கொஞ்சம் தளர்ந்தாலும் பங்கு போட்டுக்கொள்ள வேறு பின் கிடையாது.

"எஸ்எம்பிஎஸ்ல 6 பின்தான் இருக்கு, கார்டு 8 பின் கேக்குது. கன்வெர்ட்டர் போடலாமா?"

8 பின்னில் கூடுதலாக இருக்கும் இரண்டு பின்னும் கிரவுண்டு பக்கத்தைச் சேர்ந்தவை. அதில் ஒன்று கார்டுக்கு அடையாளம் சொல்லும் பின்: "இங்கே 8 பின் கேபிள் வந்திருக்கிறது, 150 வாட் எடுத்துக்கொள்" என்று. 6 பின்னிலிருந்து 8 பின்னாக மாற்றும் கேபிள் செய்வதெல்லாம் அந்தப் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்துவிடுவதுதான். 12 வோல்ட் ஒயர் ஒன்றுகூடக் கூடவில்லை. 75 வாட்டுக்கு உத்தரவாதம் தந்த கேபிளில் கார்டு 150 வாட் கேட்கும்.

ஒயர் நல்ல தடிமனாக இருந்தால் உடனே எரிந்துவிடாது. ஆனால் ஒரு கம்பெனி தன் எஸ்எம்பிஎஸ்ஸில் 6 பின் மட்டும் கொடுத்திருக்கிறதென்றால், 8 பின் கார்டை ஓட்டுவதற்காக அதைச் செய்யவில்லை என்று அர்த்தம். கார்டின் மொத்தத் தேவை 120, 130 வாட்டுக்குள் இருந்து, எஸ்எம்பிஎஸ் லேபிளில் 12 வோல்ட்டுக்குப் போதிய ஆம்பியர் இருந்தால் தற்காலிகமாக ஓட்டலாம். 200 வாட் கார்டுக்குக் கூடாது. அந்தப் பணத்தை எஸ்எம்பிஎஸ் மாற்றப் போடுங்கள். தலைகீழாக, 8 பின்னை 6 பின்னில் கொடுப்பதில் ஆபத்து எதுவுமில்லை. 6+2 என்று பிரிந்து வரும் கேபிள்கள் அதற்காகவே வருகின்றன.

"சாட்டாவிலிருந்து 6 பின் எடுக்கிற கேபிள் நூறு ரூபாய்க்கே கிடைக்குதே?"

வேண்டாம். மேலே சொன்ன 54 வாட்டையும் 75 வாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாட்டாவிலிருந்து 8 பின் எடுப்பது இன்னும் மோசம். கிரிப்டோ மைனிங் ஓட்டியவர்கள் ரைசர் கார்டுகளுக்கு (கிராஃபிக்ஸ் கார்டைப் போர்டிலிருந்து தள்ளி வைத்து இணைப்பவை) சாட்டாவிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கனெக்டர்கள் கருகியது இதே காரணத்தால்தான். விற்கிறார்கள் என்பதற்காகப் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

"ரெண்டு மோலெக்ஸிலிருந்து ஒரு 6 பின்?"

75 வாட் என்றால் 12 வோல்ட்டில் 6.25 ஆம்பியர். இரண்டு மோலெக்ஸும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் இரண்டு தனித்தனி ஒயர் வரிசையில் இருந்தால் ஆளுக்கு 3 ஆம்பியர் சொச்சம். தாங்கும். ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மோலெக்ஸில் மாட்டினால் பயன் பாதிதான், ஏனென்றால் பின்னால் ஒயர் ஒன்றே. இரண்டு மோலெக்ஸிலிருந்து 8 பின் எடுக்கும் கேபிளை நான் யாருக்கும் சொல்வதில்லை.

"மோலெக்ஸிலிருந்து சாட்டா போட்டா தீப்பிடிக்கும்னு யூடியூப்ல சொல்றாங்களே, நிஜமா?"

நிஜம்தான், ஆனால் ஒரு வகைக்கு மட்டும். சாட்டா முனை இரண்டு விதமாகத் தயாராகிறது. ஒன்றில் ஒயர்களை அச்சில் வைத்து மேலே உருகிய பிளாஸ்டிக்கை ஊற்றி ஒரே கட்டியாக வார்த்துவிடுவார்கள். வார்க்கும்போது உள்ளே ஒயர் நகர்ந்துவிட்டால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் மிக நெருங்கி நிற்கும். வெளியே எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடி, ஒரு நாள் நடுவில் ஷார்ட் ஆகும். போவது கேபிள் மட்டுமில்லை, ஹார்டு டிஸ்க்கும் அதிலிருக்கும் தங்கச்சி கல்யாண வீடியோவும்தான்.

இன்னொரு விதத்தில் ஒவ்வொரு ஒயரும் தனித்தனிப் பள்ளத்தில் அழுத்தி இறக்கப்பட்டிருக்கும், பின்பக்கம் கழற்றக்கூடிய மூடி இருக்கும். ஒயர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். வாங்கினால் இதை வாங்குங்கள். சாட்டா கனெக்டர் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே காலியாக இருந்தால் எந்தக் கன்வெர்ட்டரும் வேண்டாம்.

இந்தக் கன்வெர்ட்டர் உண்மையிலேயே உதவுகிற ஓர் இடமும் உண்டு. சில புதிய ஹார்டு டிஸ்க்குகள், முக்கியமாக வெளிப்புற டிஸ்க் பெட்டியிலிருந்து கழற்றியவை, மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் "அணைந்திரு" என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு சுழலவே சுழலாது. மோலெக்ஸில் 3.3 வோல்ட் கிடையாது. அதனால் அதன் வழியாகக் கொடுத்தால் டிஸ்க் எழுந்துவிடும்.

"ஒரே கேபிள்ல ரெண்டு 8 பின் தலை இருக்கு. கார்டுல ரெண்டையும் அதிலேயே மாட்டலாமா?"

எஸ்எம்பிஎஸ் கம்பெனியே அப்படிக் கொடுத்திருந்தால், நடுத்தரக் கார்டுக்கு மாட்டலாம். கார்டு 250 வாட்டைத் தாண்டுமென்றால் தனித்தனியாக இரண்டு கேபிள் இழுத்துவிடுங்கள். நீங்களாக ஸ்பிளிட்டர் வாங்கி ஒன்றை இரண்டாக்குவது வேறு கதை. அது மேலே சொன்ன 6 பின் கன்வெர்ட்டர் போலவே கார்டிடம் பொய் சொல்கிறது.

"எஸ்எம்பிஎஸ்ல ஓவர்லோடு புரொடெக்‌ஷன் இருக்கே. பிரச்னை வந்தா அதுவே ஆஃப் ஆயிடாதா?"

நல்ல படிப்பு படித்த பிள்ளைகள்கூட நம்பி ஏமாறுவது இங்கேதான். இன்றைய 600 வாட் எஸ்எம்பிஎஸ் பலவற்றில் 12 வோல்ட் முழுவதும் ஒரே ரெயில் (எல்லாக் கேபிளுக்கும் பொதுவான ஒரே மின்வழி), 50 ஆம்பியர் வரை தரும். உங்கள் கன்வெர்ட்டரில் 12 ஆம்பியர் ஓடிப் பிளக் இளகிக்கொண்டிருந்தாலும் எஸ்எம்பிஎஸ் கண்ணுக்கு அது சாதாரணச் சுமை. அது அணையாது. இரண்டு ஒயர் ஒட்டி முழு ஷார்ட் ஆனால்தான் அணையும்.

வெப்பத்தின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆம்பியர் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்கு. ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை, 6 ஆம்பியர் என்றால் அங்கே உண்டாகும் வெப்பம் 0.36 வாட், கையில்கூடத் தெரியாது. பின் தளர்ந்து தடை 0.05 ஓம் ஆகி, 12 ஆம்பியர் ஓடினால் 7 வாட்டுக்கு மேல். விரல் நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள் அவ்வளவும் தங்கும்.

"சிபியு 8 பின்னும் கார்டு 8 பின்னும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு? ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கலாமா?"

கூடவே கூடாது. இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர்ப் பக்கம். பின்களின் மூலை வடிவம் வேறாக இருப்பதால் சாதாரணமாக நுழையாது. பலம் கொடுத்து அமுக்கினால் நுழைந்துவிடவும் கூடும். கேபிளில் சிபியு (பிராசஸர்) அல்லது பிசிஐஇ (கிராஃபிக்ஸ் கார்டு) என்று அச்சடித்திருக்கும், அதைப் படியுங்கள். 4+4 என்று பிரிந்தால் சிபியு, 6+2 என்று பிரிந்தால் கார்டு.

"போர்டுல சிபியுவுக்கு 8 பின், எஸ்எம்பிஎஸ்ல 4 பின்தான்."

65 வாட் வகைப் பிராசஸர் என்றால் 4 பின்னை மட்டும் அதன் சரியான பாதியில் மாட்டினாலே பெரும்பாலான போர்டுகள் ஓடும். அதற்கு மேல் இழுக்கும் பிராசஸருக்கு மோலெக்ஸிலிருந்து கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றாதீர்கள். 8+4 என்று இரண்டு இடம் உள்ள போர்டில் அந்தக் கூடுதல் 4 பின் ஓவர்கிளாக் செய்பவர்களுக்கானது, அதாவது பிராசஸரை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்களுக்கானது. சாதாரணப் பயன்பாட்டில் காலியாக விடலாம்.

"புது கார்டோட ஆக்டோபஸ் மாதிரி ஒரு கன்வெர்ட்டர் வருது. அதுதான் உருகுதுன்னு சொல்றாங்க. பயமா இருக்கு அண்ணா."

பயப்பட வேண்டாம், கவனமாக இருந்தால் போதும். அது 16 பின் கனெக்டர்: 12 பின் மின்சாரத்துக்கு, 4 சின்னப் பின் தகவலுக்கு. 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு வெளிவந்த சில வாரங்களிலேயே இது உருகிய படங்கள் வரத் தொடங்கின. காரணம் புரிய வேண்டுமானால் கணக்கைப் பாருங்கள். 600 வாட் என்றால் 50 ஆம்பியர். 12 வோல்ட்டுக்கு ஆறு பின், ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியர். பழைய 8 பின்னில் 150 வாட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றிலும் 4.2 ஆம்பியர்தான். புதியதில் பின்னும் சிறியது, சுமையும் இரட்டிப்பு. ஒரு பின் சரியாகத் தொடாவிட்டாலும் மற்றவை எல்லை தாண்டும்.

அதனால் முழுவதும் உள்ளே போகும்வரை அழுத்துங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், நடுவில் கோடுபோல இடைவெளி தெரியக் கூடாது. கனெக்டரை விட்டு வெளியே வந்ததும் ஒயரை மடக்காமல் குறைந்தது 3.5 செ.மீ. நேராக விடுங்கள். கேபினெட் கதவு ஒயரை அமுக்குகிறதென்றால் கேபினெட்டைத்தான் மாற்ற வேண்டும். ஆக்டோபஸின் ஒவ்வொரு காலுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கேபிள் வர வேண்டும். மூன்று கால் இருந்தால் 450 வாட், நான்கு இருந்தால் 600 வாட் என்று தகவல் பின்கள் கார்டுக்குச் சொல்கின்றன. ஒரு கேபிளைப் பிரித்து இரண்டு காலில் மாட்டினால் அந்தத் தகவல் பொய்யாகிவிடும்.

2023இல் வந்த திருத்தத்தில் தகவல் பின்களின் நீளத்தைக் குறைத்தார்கள். பாதி மாட்டிய நிலையில் கார்டு முழு மின்சாரம் இழுக்காமல் இருப்பதற்காக. இடம் மிச்சமாகுமே என்று 90 டிகிரி வளைந்த கன்வெர்ட்டர் வாங்குவதைத் தவிருங்கள். கேபிள்மாட் நிறுவனம் விற்ற அந்த வகை 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெறப்பட்டது.

"பழைய மாடுலர் எஸ்எம்பிஎஸ் கேபிளைப் புது எஸ்எம்பிஎஸ்ல மாட்டலாமா? முனை ஒண்ணாத்தான் இருக்கு."

கூடாது, அதே கம்பெனி என்றாலும். மாடுலர் என்றால் எஸ்எம்பிஎஸ் பக்கத்திலும் கேபிளைக் கழற்றி மாட்டலாம். கார்டு பக்கம், டிஸ்க் பக்கம் உள்ள முனைக்கு உலகம் முழுக்க ஒரே விதி. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படி விதி கிடையாது. எந்தப் பின்னில் 5 வோல்ட், எதில் 12 வோல்ட் என்பதைக் கம்பெனி தன் விருப்பப்படி வைக்கிறது. மாறிப்போய் 5 வோல்ட் இடத்தில் 12 வோல்ட் ஏறினால், சுவிட்ச் போட்ட நொடியில் மாட்டியிருக்கும் எல்லா டிஸ்க்கும் போய்விடும். இந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை விற்றால் கேபிளையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

"ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின பிராண்டட் மெஷின். சாதாரண எஸ்எம்பிஎஸ் போட 24 பின் கன்வெர்ட்டர் விக்கிறாங்க."

டெல், எச்பி, லெனோவா அலுவலக மெஷின்களில் பல, மதர்போர்டுக்கு வழக்கமாக மாட்டும் 24 பின்னைப் பயன்படுத்துவதில்லை. 6, 10, 14 பின் என்று தங்களுக்கென்று ஒன்று வைத்திருப்பார்கள். ஒரே எண்ணிக்கையில் பின் இருந்தாலும் உள்ளே வரிசை மாடலுக்கு மாடல் வேறு. உங்கள் மாடல் எண்ணைக் குறிப்பிட்டு விற்கும் கேபிளை மட்டும் வாங்குங்கள்; பின் எண்ணிக்கையை வைத்து ஒருபோதும் வாங்காதீர்கள்.

"ஃபேன், லைட்டுக்கெல்லாம் இவ்வளவு பார்க்கணுமா?"

ஃபேனுக்கு அதிகம் வேண்டாம். போர்டின் ஃபேன் பின் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். சாதாரண ஃபேன் மூன்றை ஸ்பிளிட்டரில் ஓட்டலாம். லைட்டில்தான் ஆபத்து. வண்ண லைட்டில் இரண்டு வகை: 4 பின் ஆர்ஜிபி 12 வோல்ட், 3 பின் ஏஆர்ஜிபி 5 வோல்ட். வெறும் ஒயர் கன்வெர்ட்டர் வைத்து 5 வோல்ட் லைட்டை 12 வோல்ட்டில் மாட்டினால் உடனே எரியும்.

"ஃபிரான்ஸ்ல இருக்கிற சித்தப்பா கம்ப்யூட்டர் கொண்டாந்தார். பிளக் உருண்டை பின். டிராவல் அடாப்டர் போதுமா?"

புதுச்சேரியில் அடிக்கடி வரும் கேள்வி. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எஸ்எம்பிஎஸ்ஸில் மாற்ற வேண்டியது எதுவுமில்லை. சிக்கல் எர்த்தில். ஃபிரான்ஸ் பிளக்கில் எர்த் என்பது பிளக் முகத்தில் உள்ள ஓட்டை. அங்கே சாக்கெட்டிலிருந்து நீட்டும் பின் அதில் நுழையும். நம் ஊர்ச் சாக்கெட்டில் அந்தப் பின் இல்லை. டிராவல் அடாப்டர் பலவற்றில் இரண்டு பின் மட்டும் சேரும், எர்த் அறுந்துவிடும். மெஷின் ஓடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

எஸ்எம்பிஎஸ் பின்னால் மாட்டும் பவர் கார்டு கழற்றக்கூடியதுதானே? ஐஎஸ்ஐ முத்திரையுள்ள மூன்று பின் கார்டு ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மெஷின் என்றால் மட்டும், பின்னால் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 230க்குத் தள்ளிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

"கேபினெட்டைத் தொட்டா லேசா சுர்ருங்குது."

எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சிறிய அளவு கரண்டை உலோக உடலுக்குக் கசிய விடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் கேபினெட்டில் நிற்கும். மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் எங்காவது நடுவில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இருந்தால் தூக்கிப் போடுங்கள். அப்படியும் சுர்ரென்றால் எலெக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். உள்ளே எஸ்எம்பிஎஸ்ஸே பழுதாகியும் இருக்கலாம் என்பதால் அதுவரை மெஷினை ஓட்ட வேண்டாம்.

"தேவனாம்பட்டினம் பக்கம் வீடு. உப்புக் காத்துக்கு ஏதாவது தனியா செய்யணுமா?"

உப்பும் ஈரமும் சேர்ந்தால் பின்னின் பூச்சு அரிக்கும், தடை கூடும். தடை கூடினால் என்ன ஆகுமென்று மேலே கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கன்வெர்ட்டரும் அரிப்பதற்கு இன்னும் ஒரு ஜோடி இணைப்பு என்பதால் கடலோர வீட்டில் அதன் எண்ணிக்கையைக் குறைப்பதே முதல் வேலை. வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்பு, மெஷினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, கன்வெர்ட்டர்களைக் கழற்றிப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யாதீர்கள். பூச்சு போய் இன்னும் வேகமாக அரிக்கும். புதியது போடுங்கள்.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு தண்ணீர் புகுந்த வீடுகளில் பலர் மெஷினை வெயிலில் காயவைத்து ஓட்டப் பார்த்தார்கள். மூழ்கிய எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் கேபிளுக்கும் அது பொருந்தாது. கனெக்டருக்குள் போன சேறு காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருக்கும். அவை இரண்டையும் கழித்துவிடுங்கள்.

"நல்ல கேபிளா இல்லையான்னு கடையிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஒயரின் மேல் அச்சடித்த எழுத்தைத் தேடுங்கள். 18 கேஜ் அல்லது 16 கேஜ் என்று இருக்க வேண்டும். எண் குறையக் குறைய ஒயர் தடிமன். 20, 22 என்றால் கார்டுக்கு ஆகாது. எழுத்தே இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். வளைத்துப் பாருங்கள், மெல்லிய ஒயருக்கு மேல் தடித்த ரப்பர் போட்டு ஏமாற்றுவது உண்டு. பின்னைப் பின்பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்தால் கழன்று வரக் கூடாது.

செம்பு பூசிய அலுமினிய ஒயரும் சந்தையில் உண்டு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வாங்கிய பிறகுதான் இதைச் செய்ய முடியும் என்பதால், ஒன்றை வாங்கிச் சோதித்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

"பிளக் ஓரம் லேசா பழுப்பா ஆயிருக்கு. ஆனா மெஷின் நல்லா ஓடுது. விடலாமா?"

விடாதீர்கள். பழுப்பு என்றால் ஏற்கெனவே பலமுறை சூடேறிவிட்டது. சூடேறிய பின்னின் பிடிப்பு தளரும், தளர்ந்தால் தடை கூடும், மறுபடி சூடு. மீன் வாசம் போலவோ கருகிய வாசமோ வந்தாலும், விளையாடும்போது மட்டும் மெஷின் ரீஸ்டார்ட் ஆனாலும் இதே சந்தேகம் வர வேண்டும்.

உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கன்வெர்ட்டரையும் அது மாட்டியிருந்த இரண்டு பக்கத்து முனைகளையும் பாருங்கள். கார்டு பக்கத்துப் பின் கறுத்திருந்தால் சர்வீஸுக்குக் கொடுத்த பிறகே மறுபடி மாட்ட வேண்டும். கறுத்த பின்னில் புதுக் கேபிள் மாட்டினால் அதுவும் கருகும். புதிதாக மாட்டிய எந்தக் கன்வெர்ட்டரையும் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, அணைத்து, பிளக்கை விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றே கழற்றிவிடுங்கள்.